நாலு கோடும் முழுசாக

மீட்டர் அரை என்று காட்டியது. அதுவும் முழு அரை இல்லை, அரைக்குக் கொஞ்சம் கீழே.

"பாருங்க ஆன்ட்டி. நூறு வரைக்கும் போகலாம்னு சட்டம். இங்க அரைகூட இல்ல," என்றான் ராஃபேல்.

அம்சவள்ளி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீட்டரை எட்டிப் பார்த்தாள். "அப்ப ஏதோ இருக்கு," என்றாள்.

"அரைகூட இல்லன்னு சொல்றேன்லா."

"அரைக்குக் கீழ என்னமோ இருக்குதானே தம்பி? அது எங்க போவும்? இங்கதான் வந்து உக்காருது." இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினாள்.

ராஃபேல் மீட்டரைப் பையில் போட்டான். ஆறு மாதத்தில் அந்த வாசலில் அவன் மீட்டரை நீட்டுவது இது ஒன்பதாவது தடவை. மீட்டரும் மாறவில்லை, தலைவலியும் மாறவில்லை.

கைப்பேசி டவர்களைச் சுற்றி அலைவீச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதும், அது எல்லைக்குள் இருக்கிறது என்று எழுதி வைப்பதும், வேலைக்காக மேலே ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதும் அவனுடைய உத்தியோகம். கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் அறுபத்திரண்டு டவர்கள் அவன் பொறுப்பு. அறுபத்தொன்று தாமுண்டு தம் வேலையுண்டு என்று நின்றன. அறுபத்திரண்டாவது, சுங்கை பெசாரிலிருந்து உள்ளே போனால் வருகிற கிரேன்மோர் தோட்டத்தில், பழைய லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய இருபது வீடுகளுக்குப் பின்னால் நின்றது. அதன் வேலியை ஒட்டிய கடைசி வீடு அம்சவள்ளியினுடையது.

இந்த ஒரு தலைவலி தீர்ந்தால் ராஃபேல் தைப்பிங்குக்குப் போய்விடலாம். மனைவி கிளாரிஸ்ஸா அங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். மகள் வெரோனிக்கா ஜனவரியில் பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்கிறாள். இரண்டு வருஷமாக அவன் சுங்கை பெசாரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறையில் கிடக்கிறான். மாதம் இரண்டு முறை ஓடிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். திரும்பும்போது அவள் காரின் பின்னாலேயே கேட் வரைக்கும் நடந்து வருவாள். அழ மாட்டாள். அழுதால்கூடத் தேவலை என்று இருக்கும் அவனுக்கு.

தைப்பிங் கிளையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ஷா ஆலாம் ஆபீசில் இருந்த மேலாளர் தங்கராஜு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். புகார் நிலுவையில் இருக்கிற ஆளை மாற்ற முடியாது. 'குறை தீர்ந்தது' என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் மறுநாளே மாற்றல். நவம்பர் முடிந்தால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

ராஃபேல் அந்தத் தாளை எப்போதும் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். அம்சவள்ளி கெட்டவள் இல்லை. அவன் வந்தால் ஓவல்டின் கலக்கிக் கொடுப்பாள், மழை வந்தால் குடை கொடுப்பாள். கையெழுத்து மட்டும் கொடுக்க மாட்டாள். தலை வலிக்கும்போது வலிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது பொய், சாமிக்கு ஆகாது என்பது அவள் கட்சி. ராஃபேலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், அதற்கு மேல் அவனால் வாதாட முடியவில்லை.

எண்ணைக் காட்டி நம்பிக்கை வரவில்லை என்றால் ஒழுங்கைக் காட்டி வரவழைப்போம் என்று முடிவு செய்தான். டவரின் வேலிக் கதவில் மாட்டியிருந்த எச்சரிக்கைப் பலகை வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. மஞ்சளில் புதிதாக ஒன்று செய்து, மலாயும் ஆங்கிலமும் போதாது என்று தமிழிலும் எழுதி மாட்டினான். 'அலைவீச்சுப் பகுதி. அனுமதியின்றி உள்ளே வராதீர்.'

அது மேலே ஏறுகிற வேலையாட்களுக்கான பலகை. ஆண்டெனாவுக்கு முன்னால் சில அடி தூரத்துக்குள் நிற்காதே என்று அர்த்தம். ஆண்டெனா இருப்பது நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில். கிரேன்மோர் தோட்டத்தில் யாரும் நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் குடியிருக்கவில்லை. ஆனாலும் அதுவரைக்கும் அந்த வேலியோரம் ஆடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று சாயங்காலமே ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். தமிழிலேயே எழுதி மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் நிலைமை ரொம்ப மோசம்தான் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. ஒரு புகார் நாலானது.

வேலிக் கதவின் சாவி செல்லனிடம் இருந்தது. அம்சவள்ளிக்கு எதிர்வீட்டுக்காரர், அறுபத்தைந்து வயது, டவரைச் சுற்றிப் புல் வெட்டுகிற வேலை அவருக்கு. ராஃபேல் வந்தால் திறப்பார், போனால் பூட்டுவார். பலகையை மாட்டும்போது ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். "இது சரியா வருமா அங்கிள்?" என்று கேட்டதற்கு, "சரி தம்பி," என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அடுத்த வாரம் பாலர் பள்ளிக் கூடத்தில் ஜனங்களைக் கூட்டி வைத்து ராஃபேல் பொறுமையாக விளக்கினான். டவர் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. காதோடு ஒட்டி வைத்துப் பேசுகிற போன்தான் அதைவிட அதிகம் வீசும். அதுவும் எல்லைக்குள்தான். ரொம்பப் பயமாக இருந்தால், பேசாத நேரத்தில் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

நல்ல பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள். அம்சவள்ளி வீட்டுக்குப் போனாள். அவளுடைய போன் எப்போதும் சாமி மேடையில், பட்டமளிப்பு அங்கி போட்ட மகனுடைய படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும். மகன் புனிதன் மெல்பர்னில் இருக்கிறான் என்பது தோட்டத்துக்கே தெரியும், ராஃபேலுக்கு முதல் நாளே தெரியும். அவள் அந்தப் போனை எடுத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

தலைவலி நின்றுவிட்டது.

செய்தி கேட்டு ராஃபேல் ஓடி வந்தான். அம்சவள்ளி நெற்றியில் தைலம் இல்லாமல், தலை சீவி, முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ராத்திரி தூங்கினாளாம். ராஃபேல் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். அவள் இரண்டு நாள் பார்ப்போம் தம்பி, திங்கட்கிழமை போட்டுத் தருகிறேன் என்றாள். அன்று சாயங்காலம் அவன் கிளாரிஸ்ஸாவிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டான். கிளாரிஸ்ஸா அவசரப்பட்டு மகளிடம் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமைக்குள் தோட்டம் முழுக்க டின் வைத்தியம் பரவியது. மைலோ டின், பால்மாவு டின், தீபாவளி முறுக்கு டின் எல்லாவற்றிலும் போன். திங்கட்கிழமை காலையில் தங்கராஜு போனில் வந்தார்.

"ராஃபேல், கிரேன்மோர்ல டவர் செத்துப்போச்சா?"

"இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது."

"அப்ப ஏன் பதினேழு புகார்? அங்க யாரைக் கூப்பிட்டாலும் கிடைக்கலையாம். செம்பனை மில்லுல இருந்து லோரிக்காரனைத் தேடுறாங்க, அவன் போன் போகலையாம். தலைவலிப் புகாரை முடிக்கச் சொன்னா லைன் புகாரைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியே."

ராஃபேல் வீடு வீடாகப் போய் டின்னைத் திறந்தான். மூடின டின்னுக்குள் அலை போகாது, யார் கூப்பிட்டாலும் கிடைக்காது என்று வீட்டுக்கு வீடு பாடம் நடத்தினான். கடைசி வீட்டில் அதைக் கேட்டதும் அம்சவள்ளி, நல்ல செய்தி கேட்டவள் மாதிரி தலையாட்டினாள். இவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ராஃபேல் தானே டின்னைத் திறந்து போனை வெளியே எடுத்தான். துணியால் துடைத்துப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

"இப்பப் பாருங்க ஆன்ட்டி. நாலு கோடும் முழுசா காட்டுது. இந்தச் சுத்துவட்டாரத்துலயே இவ்வளவு நல்ல லைன் வேற எங்கயும் இல்ல," என்றான் பெருமையாக.

அம்சவள்ளியின் கை தானாக நெற்றிக்குப் போனது. "தைலம் அந்த ஜன்னல்ல இருக்கும், எடு தம்பி," என்றாள்.

தாள் மறுபடியும் சட்டைப் பைக்குள் போனது.

அந்த வாரம் நல்ல மழை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்தும் கிளம்ப முடியாமல் அம்சவள்ளி வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. ஏழரை ஆனது. ஏழரை என்றால் வெரோனிக்காவின் நேரம். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் அவள் பேச மாட்டாள். அவன் அங்கேயே உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டான். வெரோனிக்கா புதுப் பள்ளிக் காலணியைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை, கயிறு கட்டுகிற காலணி. ஒட்டுகிற காலணி வேண்டாம் என்று அடம்பிடித்து வாங்கினாளாம்.

"ஏன்டா செல்லம், கயிறு கட்ட உனக்குத் தெரியாதே?"

"நீங்கதானே வந்து கட்டப் போறீங்க," என்றாள்.

ராஃபேல் கட்டுகிறேன் என்றான், இரண்டு முடிச்சு போட்டுக் கட்டுகிறேன் என்றான். தைப்பிங்கிலும் மழையா, பூனை குட்டி போட்டதா, அம்மா இன்றைக்கு இரவு வேலையா என்று முக்கால் மணி நேரம் பேச்சு நீண்டது. அம்சவள்ளி கொஞ்ச நேரம் கதவருகில் நின்று சின்னத் திரையில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

போகும்போது ராஃபேல், நீங்களும் மகனைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுங்க ஆன்ட்டி, மனசு லேசாகும் என்று சொல்லிப் பார்த்தான். அங்கே நேரம் முன்னே போகும், வேலை முடிந்து அசந்து தூங்கியிருப்பான், பாவம் என்றாள்.

மறுநாள் அவளுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டான். நேற்று ஏழரைக்கு ஆரம்பித்தது என்றாள். ராஃபேலுக்குள் பொறி தட்டியது. அறைக்கு ஓடிப்போய் டவரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தான். அவன் நினைத்தது சரி. ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் அந்த டவருக்கு அதிக வேலை. தோட்டமே போனும் கையுமாக உட்காருகிற நேரம் அது. மீட்டர் அரையிலிருந்து அரைக்கு மேல் கொஞ்சம் போயிருக்கலாம். அந்தக் கொஞ்சத்தை இந்த அம்மா உடம்பு கண்டுபிடிக்கிறது. இப்படி ஒன்றை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உடனே அறிக்கையாக எழுதித் தங்கராஜுவுக்கு அனுப்பினான். நேர்மையான மனிதர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதைக்கூட ஒழுங்காக, தேதி போட்டுத்தான் செய்வார்கள்.

அறிக்கைக்காகப் பழைய கோப்பைப் புரட்டியபோது ஒரு வேடிக்கை அகப்பட்டது. இந்த டவர் வருவதற்கு முன் கிரேன்மோர் தோட்டத்தில் போன் எடுக்காது. ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றால் கால்வாய்ப் பாலம் வரைக்கும் சைக்கிளில் போய் நிற்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் டவர் வேண்டும் என்று தோட்டத்து ஜனங்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து அம்சவள்ளி. மற்ற கையெழுத்துகளை வீடு வீடாகப் போய் வாங்கினவளும் அவள்தானாம்.

அடுத்த தடவை அதை அவளிடமே கேட்டுவிட்டான். "நீங்களே கேட்டு வாங்குன டவராச்சே ஆன்ட்டி?"

அம்சவள்ளி டவரை அண்ணாந்து பார்த்தாள். "அப்பத் தெரியல தம்பி," என்றாள்.

நவம்பர் மூன்றாம் வாரம் டவருக்குச் சாயம் அடிக்க ஆட்கள் வந்தார்கள். மேலே ஆள் இருக்கும்போது ஆண்டெனா ஓடக் கூடாது என்பது ராஃபேலின் வேதம். அதனால் மூன்று நாளும் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை டவரை மூட வைத்தான். அந்த மூன்று காலையும் அம்சவள்ளிக்குத் தலைவலி இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். சாயக்காரர்களுக்கும் சேர்த்து நெத்திலிச் சம்பல் செய்து கொடுத்தாள். பன்னிரண்டு அடித்து டவர் உயிர் பெற்றதும், கரண்டியை வைத்துவிட்டுத் தைலத்தைத் தேடினாள்.

தங்கராஜு இதை நம்பவில்லை. டவர் மூடியிருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியும், மேலே ஆள் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறதே என்றார். தெரியாமல் மூடிப் பார், வலி வருகிறதா இல்லையா என்று அவள் சொல்லட்டும், நாலு தடவை தப்பாகச் சொன்னால் புகார் ஆதாரமில்லாதது என்று நானே முடித்துக் கொடுக்கிறேன், கையெழுத்தே வேண்டாம் என்றார்.

ராஃபேலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கே ஆரம்பித்தான். சாயக்காரர்கள் போய்விட்டார்கள். இனி எப்போது மூடுவேன், எப்போது திறப்பேன் என்று சொல்ல மாட்டேன், வலி வந்தால் எனக்கு ஒரு மிஸ்ட் கால் கொடுங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்த கருவியால் டவரை மூடினான், மிஸ்ட் கால் வரவில்லை. திறந்தான், ஐந்தே நிமிஷத்தில் வந்தது. மறுபடி மூடினான், வரவில்லை. டவரைத் திறந்துவிட்டுத் தங்கராஜுவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"டவரை மூடிட்டா மிஸ்ட் கால் எப்படிப்பா வரும்?" என்றார் தங்கராஜு.

ராஃபேல் அசடு வழிந்தான். அவர் சிரித்தது அறை வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

மறுநாள் போன் வேண்டாம் என்று, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். வலி வந்தால் மணியைப் பார்த்து அதில் குறித்து வையுங்கள், நின்றாலும் குறித்து வையுங்கள். அவள் டவரைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டான். அக்கம்பக்கத்தில் யாரும் பேசக் கூடாது என்று செல்லனைக் காவல் வைத்தான். செல்லன் சரி தம்பி என்று சொல்லி, முற்றத்து மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அம்சவள்ளி நாட்காட்டியை ஒரு தொடையிலும், வழக்கம்போலப் போனை மடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஃபேல் தூரத்தில் செம்பனை மரங்களின் ஓரம் வேனை நிறுத்தி, இஷ்டத்துக்கு மூடினான், இஷ்டத்துக்குத் திறந்தான்.

சாயங்காலம் நாட்காட்டியையும் தன் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஆறு தடவை மூடித் திறந்திருந்தான். ஆறும் சரி. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். யாருக்குத் தெரியப் போகிறது. வெள்ளைக் காலணி கண் முன்னால் வந்து போனது. பிறகு, ஒருவேளை இந்த அம்மாவுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிறதென்றால் என்ற நினைப்பு வந்தது. அளந்து சொல்வதற்குத்தானே தன்னை வைத்திருக்கிறார்கள். எழுதி அனுப்பிவிட்டான்.

இந்தத் தடவை தங்கராஜு சிரிக்கவில்லை. மறுநாள் பிற்பகல் கூப்பிட்டபோது அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து நிபுணர்கள் வரப்போகிறார்கள். அந்த அம்மாவை வைத்து ஆறு மாதம் ஆராய்ச்சி. உலகத்திலேயே இப்படி ஒன்று பதிவானதில்லையாம். பொறுப்பு எல்லாம் ராஃபேல்தான், அவனைத்தான் அந்த அம்மா வீட்டுக்குள் விடுகிறாள்.

"தைப்பிங், சார்?"

"அடுத்த வருஷக் கடைசியில பாப்போம்லா. இப்ப உன்னை எப்படி விட முடியும்?"

ராஃபேல் வேனின் படியில் உட்கார்ந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட செம்பனைகளுக்கு மேலே டவர் சிவப்பும் வெள்ளையுமாகப் புதுச் சாயத்தில் நின்றது. செல்லன் வேலிக்குள் கடைசிப் பிடிப் புல்லை வாரிக்கொண்டிருந்தார். நேரம் போனதே தெரியவில்லை. ஏழரைக்கு அவன் கூப்பிடவில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு போன் அடித்தது.

"அப்பா, அந்த ஆன்ட்டி சைன் பண்ணிட்டாங்களா?" என்றாள் வெரோனிக்கா.

அவன் சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான்.

"டீச்சர் சொன்னாங்க, ஃபர்ஸ்ட் டே அப்பா அம்மா ரெண்டு பேருமே கிளாஸ் வரைக்கும் வரலாமாம். அப்பா? கேக்குதா?"

"வெரோ... அப்பாவுக்கு இங்க லைன் சரியா கிடைக்கலம்மா. விட்டு விட்டுக் கேக்குது. அப்பறமா கூப்பிடறேன், என்னா?"

அணைத்துவிட்டான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். நிமிர்ந்தபோது செல்லன் சாவிக்கொத்தோடு பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"டவருக்குக் கீழ உக்காந்துக்கிட்டு லைன் இல்லன்னு சொல்றீங்க," என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆறு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ராஃபேலுக்கு வெட்கமாக இருந்தது. "என்னா அங்கிள் செய்யறது? புள்ளைகிட்ட வர மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? எல்லாம் அந்த ஆன்ட்டி தலைவலியால. மூடினா நிக்குது, தொறந்தா வருது. இத்தனை விலை மீட்டருக்குத் தெரியாதது அவங்களுக்கு எப்படித்தான் தெரியுது?"

"மடியிலதானே போன் இருந்துச்சு," என்றார் செல்லன்.

"அதுக்கு?"

"அதுல கோடு இருக்கா இல்லையான்னு அந்தம்மா பாத்துக்கிட்டேதான் இருக்கும். நாள் பூரா அதே வேலைதான்."

ராஃபேலுக்கு இப்போதுதான் உறைத்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காவல் வைத்து, தெருவையே வாயடைத்து, கடைசியில் டவர் ஓடுகிறதா இல்லையா என்று காட்டுகிற பெட்டியை அவள் மடியிலேயே விட்டு வைத்திருக்கிறான். அப்படியென்றால் அலையும் இல்லை, அதிசயமும் இல்லை, நிபுணர்களும் வேண்டாம். தைப்பிங் மறுபடி கிட்டே வந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை.

"சரி, கோட்டைப் பாத்தா தலை எதுக்கு அங்கிள் வலிக்கணும்?"

செல்லன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசல் விளக்கை இன்னும் போடவில்லை. அம்சவள்ளி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த போனின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது.

"புனிதன் மெல்பர்ன் போயி அஞ்சு வருஷமாச்சு தம்பி. லைன் இல்லாத வரைக்கும், புள்ள கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான், நமக்குத்தான் கிடைக்க மாட்டேங்குதுன்னு அந்தம்மா நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நாலு கோடும் முழுசா நிக்குது."